சீனி உருண்டையும் வைத்தியர் வாய்மையும்

பிரித்தானியாவில் 1948ஆம் ஆண்டு தேசிய சுகாதார சேவை தொடங்கப்பட்டபோது அந்நாட்டின் ஹோமியோபதி வைத்தியசாலைகள் சிலவும் அதன் பகுதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. அச்சேவையைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் விரும்பின் ஹோமியோபதி மருந்தினையும் நோயாளிக்கு எழுதிக் கொடுக்கலாம் என்னும் நிலை அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நீடித்தது. 2017ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் சுகாதார சேவை நிருவாகம், பொது வைத்தியர்கள் இனி இம்மருந்துகளை எழுதுதல் ஆகாதென அறிவுறுத்தியது. ஹோமியோபதி ஆதரவாளர் அவ்வறிவுறுத்தலுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 2018 ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிவிட்டது.

இவ்வளவு ஆரவாரத்துக்கும் காரணமான தொகை எவ்வளவு என்று நோக்குமிடத்து வியப்பே எஞ்சுகின்றது. அத்தடைக்கு முன் ஓராண்டில் இம்மருந்துகளுக்காகப் பொது வைத்தியர்கள் வழியாகச் செலவானது ஏறக்குறைய 92,000 பவுண். அச்சேவையின் ஆண்டுச் செலவோ நூறு பில்லியன் பவுண் அளவினது. சிக்கனமே நோக்கமாயின் இத்தொகையைத் தேடிப் பிடித்துக் குறைக்க வேண்டிய தேவை எவருக்கும் இருந்திராது. ஆகவே பூசல் பணத்தைப் பற்றியதன்று. உள்ளீடற்றது எனத் தான் அறிந்த ஒன்றினை, நோயாளி அதனால் ஆறுதல் பெறுகின்றார் என்னும் காரணத்துக்காக, ஓர் அரச வைத்திய சேவை மருந்தென வழங்கலாமா என்பதே அங்கு எழுந்த வினா. இது மருத்துவ வினா என்பதிலும் அறவியல் வினா எனக் கொள்வதே பொருந்தும்.

ஹோமியோபதியைத் தோற்றுவித்த சாமுவேல் ஹானிமன் 1755இல் ஜேர்மனியின் மைசன் நகரிற் பிறந்தவர். முறையாகப் பயின்ற வைத்தியர். எனினும் தம் காலத்து வைத்தியத்தில் நம்பிக்கையிழந்து, மொழிபெயர்ப்புத் தொழிலால் குடும்பத்தைக் காத்து வந்தார். 1790இல் ஸ்கொத்லாந்துப் பேராசிரியர் வில்லியம் கலனின் நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, சிங்கோனா மரப்பட்டை குளிர்காய்ச்சலைத் தணிப்பதற்கு அந்நூல் கூறிய காரணம் அவருக்கு உடன்பாடாகவில்லை. பட்டையைத் தாமே உண்டு பார்த்தார். காய்ச்சலின் குறிகளை ஒத்தவை தம் உடலில் தோன்றக் கண்டார். நலமுள்ளவரிடத்து எக்குறிகளை ஒரு பொருள் உண்டாக்குமோ, அக்குறிகளையுடைய நோயை அப்பொருளே தீர்க்கும் என்னும் கோட்பாடு இதிலிருந்து வளர்ந்தது. 1796இல் கட்டுரையாக வெளிப்பட்ட அக்கருத்து 1810இல் 'ஒர்கனன்' என்னும் நூலாக விரிந்தது.

கோட்பாட்டின் மற்றொரு கூறே பின்வந்தோர்க்குப் பெருந்தடையாயிற்று. மருந்தை எவ்வளவுக்கு ஐதாக்குகிறோமோ அவ்வளவுக்கு அதன் ஆற்றல் பெருகும் என ஹானிமன் நம்பினார். ஒரு பங்கு மருந்தினைத் தொண்ணூற்றொன்பது பங்கு நீரிலோ மதுசாரத்திலோ கலந்து குலுக்குதல் ஒரு படி. அக்கலவையில் ஒரு பங்கெடுத்து மீண்டும் அவ்வாறே செய்தல் இரண்டாம் படி. ஹானிமன் விதந்துரைத்த முப்பதாம் படியில் மருந்தின் அளவு, ஒன்றின் பின் அறுபது பூச்சியங்கள் இட்ட எண்ணில் ஒரு பங்காகக் குறுகிவிடும். அவகாதரோ எண்ணோ ஆறின் பின் இருபத்துமூன்று பூச்சியங்கள் இட்ட அளவினதே. எனவே பன்னிரண்டாம் படியைத் தாண்டியபின் மூல மருந்தின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சியிருத்தல் அரிது. அவ்வப்போது நோயாளியின் கைக்கு வந்து சேர்வது நீரோ, அந்நீரைத் தெளித்து உலர்த்திய சீனி உருண்டையோ தான். இதற்காக ஹானிமனைப் பழித்தல் நேர்மையாகாது. அவகாதரோ தம் கருதுகோளை வெளியிட்டது 1811இல். மூலக்கூறுகளின் தொகையை அளவிட லொஸ்மிற் வழிகண்டது 1865இல். ஹானிமனோ 1843இல் பாரிஸ் நகரிற் காலமாகிவிட்டார்.

அவர் காலத்து ஏனைய வைத்தியம் எத்தகையது என்பதும் மறக்கத்தக்கதன்று. நாளங்களைக் கீறியும் அட்டைகளைக் கடிக்க விட்டும் குருதி வடித்தல், கலோமெல் என்னும் இரசச் சேர்வையை வாயூறி வழியும் வரை கொடுத்தல், கடும்பேதி மருந்தால் உடலை வறளச் செய்தல் ஆகியவையே பெரும்பாலும் சிகிச்சை எனப்பட்டன. 1854இல் இலண்டனில் கொலரா பரவியபோது, ஐந்தாண்டுகளுக்கு முன் நிறுவப்பட்டிருந்த ஹோமியோபதி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 61 கொலரா நோயாளருள் இறந்தவர் பதின்மரே. ஏனைய வைத்தியசாலைகளிற் பாதியளவினர் மாண்டனர். சீனியும் நீரும் கொலராவைத் தீர்த்தன என்பது இதன் பொருளன்று. ஏற்கெனவே நீரிழந்து துவண்ட உடலிலிருந்து மேலும் குருதியை வடிக்காமல் விட்டமையே அங்கு உயிர் காத்தது எனக் கொள்ளுதல் தகும். அதனினும் குறிப்பிடத்தக்கது பின்னர் நிகழ்ந்தது. கொலராச் சிகிச்சைகளைத் தொகுத்து ஆராய்ந்த அரச சுகாதார சபையின் மருத்துவக் குழு, இவ்வைத்தியசாலையின் புள்ளிவிபரங்களைத் தன் அறிக்கையிற் சேர்க்காது விட்டது. பாராளுமன்றத்தில் வினா எழுப்பப்பட்ட பின்னரே 1855இல் அவை வெளிவந்தன. வாய்மையின் பெயரால் ஹோமியோபதியைக் கண்டிக்கும் மருத்துவ உலகம், தனக்கு ஒவ்வாத உண்மையொன்றைத் தானே ஒருகால் மறைத்தது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

மருந்து வேலை செய்கின்றதா என்னும் வினாவில் இன்று நீண்ட நேரம் தங்க வேண்டியதில்லை. 2005இல் 'லான்செற்' சஞ்சிகை ஹோமியோபதிச் சோதனைகள் 110ஐயும் ஏனைய மருத்துவச் சோதனைகள் 110ஐயும் ஒப்பிட்ட ஆய்வொன்றை வெளியிட்டது. பெரிய, செவ்வையாக அமைந்த சோதனைகளை மட்டும் தெரிந்து நோக்கியபோது ஹோமியோபதி மருந்துக்கும் வெற்று மருந்துக்கும் இடையே நம்பத்தக்க வேறுபாடு எஞ்சவில்லை. 2015இல் அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிச் சபை வெளியிட்ட முடிவும் அதுவே: ஹோமியோபதி பயன் தருமென நம்பத்தக்க சான்றுடைய நோய் ஒன்றேனும் இல்லை. இம்முடிவுகளை மறுப்போர் இன்றும் உளர். ஆனால் அறவியல் நோக்கில் சுவையான பகுதி, இம்முடிவுகளை முற்றாக ஏற்றுக்கொண்ட பின்னரே தொடங்குகின்றது.

ஏற்றுக்கொண்டாலும் என்ன கேடு என்று கேட்போர் இருக்கின்றனர். அவர்களுடைய வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்தல் வேண்டும். மூட்டுநோவு, உறக்கமின்மை, ஓயாத தலையிடி, காரணம் காணப்படாத களைப்பு ஆகியவற்றோடு அலையும் ஒருவருக்கு நவீன மருத்துவம் கொடுக்கக்கூடியது சிறிதே. கொடுப்பதிலும் வயிற்றைப் புண்ணாக்குவன சில, அடிமைப்படுத்துவன சில. அத்தகையவர் ஹோமியோபதி வைத்தியரிடம் சென்றால், அவர் ஒரு மணிநேரம் இருத்திக் கேட்கின்றார். நோவு எப்பொழுது தோன்றிற்று, எப்பக்கம் சரிந்து படுப்பீர், கனவு காண்பதுண்டா, குளிரை விரும்புவீரா என வினவுகின்றார். பின் சில உருண்டைகளைத் தருகின்றார். நோயாளி சுகம் கண்டு திரும்புகின்றார். எவர்க்கும் தீங்கில்லை. இதனை ஏன் பறிக்க வேண்டும்?

இவ்வாதம் தொன்மையான துணைகளையும் உடையது. பிளேட்டோ தம் 'குடியரசு' நூலிற் பொய்யினை மருந்துக்கு ஒப்பிட்டு, அது வைத்தியர் கையிலேயே இருக்கத்தக்கது, ஏனையோர் அதனைத் தீண்டலாகாது என்றார். அமெரிக்க ஜனாதிபதியாகவிருந்த தோமஸ் ஜெபர்சன் 1807இல் எழுதிய கடிதமொன்றில், தாம் அறிந்த வைத்தியருள் பெருவெற்றி கண்ட ஒருவர், ஏனைய எல்லா மருந்துகளிலும் கூடுதலாகப் பாண் உருண்டைகளையும் நிறமூட்டிய நீர்த்துளிகளையும் பயன்படுத்தியதாகத் தம்மிடம் கூறினாரெனக் குறிப்பிட்டு, அதனைப் புனிதமான ஏமாற்று என வருணித்தார். தமிழ் அறநூல் மரபிலோ வள்ளுவரே பொய்க்கு ஓர் இடம் விட்டுள்ளார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் பாற்படும் என்பது அவர் துணிபு.

ஆனால் வள்ளுவர் வெறுமனே நன்மை எனக் கூறி அமையாது, குற்றம் நீங்கிய நன்மை என வரையறுத்தமை கவனிக்கத்தக்கது. அந்த வரையறையே இங்கு உரைகல்லாகின்றது. நன்மை குற்றம் நீங்கியதா என்பதை முன்கூட்டி அறிபவர் யார்?

2011இல் அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வொன்று இதற்கு ஒளி தருகின்றது. ஆஸ்துமா எனப்படும் தொய்வு நோயாளர் ஏறத்தாழ நாற்பதின்மருக்கு உண்மையான மூச்சுமருந்து, வெற்று மூச்சுமருந்து, போலி ஊசிச் சிகிச்சை ஆகியன மாறிமாறி வழங்கப்பட்டன. சில நாள்களில் எதுவும் வழங்கப்படவில்லை. தமக்கு எவ்வளவு சுகம் எனக் கேட்டபோது முதல் மூன்றுக்கும் நோயாளர் கூறிய விடை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மூச்சின் அளவைக் கருவியால் அளந்தபோது, உண்மை மருந்து அதனை 20 வீதம் உயர்த்தியது. வெற்று மருந்தும் போலி ஊசியும், எதுவும் பெறாத நிலையைப் போலவே, 7 வீதமளவே உயர்த்தின. நோயாளர் பொய் கூறவில்லை. அவர்கள் உணர்ந்த ஆறுதல் மெய்யானது. அவர்களுடைய சுவாசப்பையோ அந்த ஆறுதலை அறியவில்லை. மூட்டுநோவில் உணர்வே நோயின் பெரும்பகுதி; அங்கே ஆறுதலும் சுகமும் ஏறக்குறைய ஒன்று. தொய்விலோ அவை இரண்டும் பிரிந்து செல்கின்றன. பிரியும் இடத்தில் ஆறுதலை நம்பியிருப்பவர் இறந்துபோகவும் கூடும். 2002இல் சிட்னி நகரிற் கரப்பான் முற்றிக் கிருமி தொற்றிய ஒன்பது மாதக் குழந்தையொன்று இறந்தது. தகப்பன் ஹோமியோபதி வைத்தியர். அக்குழந்தைக்கு அவர் அளித்து வந்தது தம் சிகிச்சையையே. 2009இல் நீதிமன்றம் பெற்றோர் இருவரையும் மரணம் விளைவித்த குற்றவாளிகளாகக் கண்டது. அவர்கள் குழந்தையை நேசிக்கவில்லை என எவராலும் கூறமுடியாது.

இங்கே ஒரு வேறுபாடு இன்றியமையாதது. தம் மருந்தை மெய்யாக நம்பிக் கொடுக்கும் ஹோமியோபதி வைத்தியர் பொய்யரல்லர். அவரிடத்துத் தவறு இருக்கலாம், ஏமாற்று இல்லை. எனின் ஏமாற்று எங்கே இருக்கின்றது? அம்மருந்து வெற்றென அறிந்துகொண்டே அதற்குப் பணம் கொடுத்து, தன் முத்திரையையும் இட்டு வழங்கும் சேவையினிடத்தே இருக்கின்றது. நோயாளி அந்த உருண்டையை நம்புவது ஹானிமனை வாசித்ததனால் அன்று. அரச வைத்தியசாலை வீண்பொருளைக் கொடுக்காது என்னும் நம்பிக்கையினாலேயே. 2010இல் பிரித்தானியப் பொதுச்சபையின் விஞ்ஞான, தொழில்நுட்பக் குழு இவ்விடயத்தை ஆராய்ந்து, வெற்று மருந்தை வழங்குதல் ஓரளவு ஏமாற்றில் தங்கியிருப்பதால் வைத்தியருக்கும் நோயாளிக்குமிடையிலான நம்பிக்கையை அது சிதைக்கும் எனக் கூறியது. அன்றைய அரசாங்கம் நோயாளியின் தெரிவுச் சுதந்திரத்தைக் காட்டி, முடிவை உள்ளூர் வைத்தியர்களிடமே விட்டது. தெரிவு என்பது அழகிய சொல்தான். ஆனால் தெரிவதற்குரிய செய்தியை மறைத்துவிட்டுத் தெரியுமாறு கூறுவது, பெட்டியைத் திறந்து காட்டாது விலைபேசுவதை ஒத்தது. செய்தியை மறைக்காது கூறினாலோ மருந்தின் வலிமையிற் பெரும்பகுதி போய்விடும் என்பது ஆதரவாளரின் அச்சம். சுதந்திரத்தையும் மறைப்பையும் ஒருங்கே வேண்டும் வாதம் தன்னைத்தானே உண்கின்றது.

பொஸ்ரன் நகர வைத்தியர் ரிச்சர்ட் கபொற் 1903இலேயே வேறொரு கேட்டினைச் சுட்டினார். பாண் உருண்டை கொடுத்துப் பழகிய தலைமுறையைச் சேர்ந்த அவர், ஒவ்வொரு நோவுக்கும் ஒரு மருந்து உண்டென்னும் நம்பிக்கையை நோயாளருக்கு ஊட்டியவர் வைத்தியரே எனவும், அந்நம்பிக்கையைக் காட்டியே வெற்று மருந்து கொடுத்தலுக்கு அவர்கள் நியாயம் தேடுகின்றனர் எனவும் கண்டார். ஏமாற்று தனக்குரிய தேவையைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

எனவே உருண்டையை நீக்கியது நேரிதே. எனினும் உருண்டையோடு சேர்த்து நீக்கப்பட்டது எது என்பதை ஆராயாது இவ்விடயத்தை விடலாகாது.

இங்கிலாந்தின் சௌதாம்ப்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட சோதனையொன்று, இவ்விவாதத்தின் இரு தரப்பினரும் ஆற அமரப் படிக்கவேண்டியது. மூட்டுவாத நோயாளர் 83 பேர் எழுமாற்றாகக் குழுக்களாக வகுக்கப்பட்டனர். சிலருக்கு ஹோமியோபதி வைத்தியருடன் நீண்ட உரையாடலும் மருந்தும். சிலருக்கு உரையாடலும் வெற்று மருந்தும். ஏனையோர்க்கு உரையாடலின்றி மருந்தோ வெற்று மருந்தோ மட்டும். உருண்டை மெய்யானதா வெற்றானதா என்பதால் யாதொரு வேறுபாடும் விளையவில்லை. உரையாடல் பெற்றவர்களோ பெறாதவர்களிலும் நலமடைந்தனர். கேட்டதே சிகிச்சையாயிற்று. 2008இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெட் கப்ச்சக் முதலியோர் நாட்பட்ட குடல்நோயாளர் 262 பேரிடம் நடத்திய சோதனையும் இதனையே எண்ணிக்கையிற் காட்டியது. வெறுமனே காத்திருந்தவர்களுள் போதிய சுகம் கண்டோர் 28 வீதத்தினர். அதிகம் பேசாது போலி ஊசிச் சிகிச்சை அளிக்கப்பட்டோரில் 44 வீதத்தினர். அதே போலி ஊசியோடு பரிவான நீண்ட உரையாடலும் பெற்றோரில் 62 வீதத்தினர். 2010இல் அவர்களே மற்றுமொரு படி சென்று, இது வெற்று மருந்து எனத் தெளிவாகக் கூறியே மாத்திரைகளைக் கொடுத்தனர். அப்போதும் நோயாளர் ஓரளவு சுகம் கண்டனர். ஆறுதலுக்குப் பொய் இன்றியமையாதது என்னும் பிளேட்டோவின் எண்ணத்தை இவை தளரச் செய்கின்றன.

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பார்ப்பவன் என மருத்துவத்தை நால்வகைப் பகுதியாக வள்ளுவர் வகுத்தார். ஹோமியோபதியில் மருந்து வெற்று. வைத்தியனோ அங்கே முழுமையாக இருந்தான். நவீன மருத்துவத்தின் நிலை பலவிடங்களில் இதன் மறுதலை. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வின்படி, ஒரு நோயாளியோடு பொது வைத்தியர் செலவிடும் நேரம் சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல். பிரித்தானியாவில் ஒன்பது நிமிடமளவு. பங்களாதேசத்தில் 48 விநாடி. உலக மக்களிற் பாதிப்பேருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடமோ அதனினும் குறைவோ. இலங்கையில் அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் விடியற்காலையில் இலக்கத்துண்டு எடுத்து நின்றவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இந்நாட்டில் ஹோமியோபதிக்கு 1970இலும் மீண்டும் 2016இலும் சட்டவழியான இடம் அளிக்கப்பட்டது. இந்தியாவில் 1973ஆம் ஆண்டின் சட்டத்தின் பின் பதிவுபெற்ற ஹோமியோபதி வைத்தியர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியுள்ளது. இவை அறிவியல் அறியாமையால் மட்டும் விளைந்தவை எனக் கொள்ளுதல் மேம்போக்கான முடிவாகும். மக்கள் தேடிச் செல்வது ஹானிமனின் கோட்பாட்டையன்று. தம் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளும் ஒருவரையே.

பிறிதொரு கணக்கும் தீர்க்கப்படாது கிடக்கின்றது. ஹோமியோபதியை நீக்குமுன், 2013இல் பிரித்தானியப் பொது வைத்தியர் 783 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பொன்றில், பாண் உருண்டையை ஒத்த முற்றிலும் வெற்றான மருந்தை ஒருமுறையேனும் கொடுத்ததாகக் கூறியோர் 12 வீதத்தினர். மருந்துச் சத்து உள்ளதாயினும் அந்நோய்க்கு உதவாத ஒன்றைக் கொடுத்தோர் 97 வீதத்தினர். வைரசால் வந்த தடிமனுக்கு நுண்ணுயிர்க்கொல்லி எழுதுவது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முப்பதாம் படியின் சீனி உருண்டையைக் கண்டு நகைத்த அதே பேனா, நோயாளியை விரைவில் எழுப்பி அனுப்பும்பொருட்டு இவற்றை எழுதியது. சீனி உருண்டையாவது கிருமிகளை மருந்துக்கு அடங்காதனவாக மாற்றுவதில்லை. 2021 ஏப்ரலில் வெளியான இங்கிலாந்து மருத்துவ வழிகாட்டி, காரணம் தெளிவாகாத நாட்பட்ட நோவுக்குப் பரசிற்றமோல் முதல் அபின் வழி மருந்துகள் வரை வழமையாக எழுதப்பட்டு வந்த பலவற்றைத் தொடங்கலாகாது எனக் கூறியது. ஹோமியோபதி வைத்தியரை நாடிச் சென்றோருட் கணிசமானோர் இந்நோவினரே. அவர்களிடமிருந்து முதலில் உருண்டை எடுக்கப்பட்டது. பின்னர் மாத்திரைகளும் எடுக்கப்பட்டன. இரண்டும் சான்றின்படி சரியானவையே.

எஞ்சியுள்ளது, இந்நோவினை முற்றாகத் தீர்க்கும் மருந்து தம்மிடம் இல்லையென நோயாளியின் முகம் பார்த்துக் கூறும் வேலை. அதனைக் கூறியபின், எவ்வாறு நடமாடலாம், எதனைக் குறைக்கலாம், எப்போது அஞ்சவேண்டும் என விளக்கி, அடுத்த மாதமும் வாருங்கள் என அழைக்கவும் வேண்டும். அதனை ஒன்பது நிமிடத்தில் முடிக்க இயலாது. இலண்டன் ஹோமியோபதி வைத்தியசாலையின் வழிவந்த நிறுவனம் 2018 ஏப்ரலில் அரச செலவில் அம்மருந்து வழங்குவதை நிறுத்தியபோது மிச்சமான பவுண்களுக்குக் கணக்கு இருக்கின்றது. அங்கு நோயாளர் பெற்றுவந்த அந்த ஒரு மணிநேரத்தைப் பொது வைத்தியரின் அறையில் எவ்வாறு கொடுப்பது என்னும் வினாவுக்கு, ஹோமியோபதியை எதிர்த்து வென்றவர்களே விடை கூறக் கடமைப்பட்டுள்ளனர்.